உழைப்பாளர் சிலையைச் செய்தவர் யார்? சென்னையின் சிலைகள், சுவர்கள் பற்றி ஒரு விவாத இழை

வங்கக்கடலோன்:
மெரினாவின் வட முனையில் இருக்கும் உழைப்பாளர் சிலையைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. பஸ் நிறுத்தத்துக்கே அதன் பெயர்தான். மே தினத்தன்று மாலை விழுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் பிறந்தவர். வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் (இன்றைய கவின் கலைக் கல்லூரி) தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கேயே தங்கி, ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கினார். பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். உழைப்பாளர் சிலை 1959இல் குடியரசு நாளையொட்டித் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே கடற்கரையில் நேரு திறந்து வைத்த காந்தி சிலையும் ராய் சௌத்ரியின் கைவேலைதான். பாட்னாவில் இருக்கும் தியாகிகள் நினைவுச் சின்னமும், டில்லியில் இருக்கும் தண்டி யாத்திரைச் சிலை வரிசையும் அவருடையவை. நாட்டின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் முதல் தலைவரும் அவரே.

இவ்வளவு பெரிய கலைஞர் நம் ஊரில் வாழ்ந்து, நம் ஊரின் அடையாளத்தையே செய்து கொடுத்திருக்கிறார். நாமோ அவர் பெயர் தெரியாமல் தினமும் அந்த வழியாகப் போய் வருகிறோம். எனக்கு இது உறுத்துகிறது. நகரத்தின் சிலைப் பீடங்களை நின்று படித்துப் பாருங்கள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் எனப் பெயர்கள் வரிசையாக வரும். சிற்பியின் பெயர் இருந்தால் அது அபூர்வம்.

சென்னையில் உள்ள சிலைகள், நினைவுச் சின்னங்கள், சுவரோவியங்களைச் செய்தவர்கள் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆதாரமில்லாத வதந்திகளை மட்டும் தவிர்த்துவிடலாம்.

எழும்பூரான்:
நல்ல இழை, தம்பி. வதந்தி என்று சொன்னதால் மன்றோவிலிருந்தே தொடங்குகிறேன். தீவுத்திடலருகே அண்ணா சாலையில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவைப் பற்றி, சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வரும் கதை ஒன்று உண்டு. குதிரையில் அமர்பவர் கால் வைக்கும் வளையமான அங்கவடியைச் சிற்பி வைக்க மறந்துவிட்டாராம். சிலை திறந்த பிறகுதான் ஒரு சிறுவன் அதைச் சுட்டிக்காட்டினானாம். அவமானத்தில் சிற்பி உயிரை விட்டாராம்.

இது முழுக்கக் கட்டுக்கதை. அதைச் செய்தவர் லண்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை இங்கே 1839இல் திறக்கப்பட்டது. சான்ட்ரி லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையைப் பாருங்கள், அது டிரபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. அதிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. ஒருவர் இரண்டு சிலைகளிலும் ஒரே பொருளை மறப்பாரா? ரோமாபுரியில் மார்க்கஸ் ஆரீலியஸ் பேரரசரின் பழைய வெண்கலக் குதிரைச் சிலை இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அங்கவடியே புழக்கத்தில் இல்லை. அந்தப் பழைய முறையைத்தான் சான்ட்ரி விரும்பி எடுத்துக்கொண்டார். வெறும் முதுகில் அசையாமல் அமர்ந்திருப்பதில்தான் அந்தச் சிலையின் கம்பீரமே இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளின் சிலைகள் பல இடம் மாறிவிட்டன, மன்றோ மட்டும் அங்கேயே இருக்கிறார். 1820 முதல் 1827 வரை இங்கே ஆளுநராக இருந்தவர், விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் இரயத்துவாரி முறையைக் கொண்டு வந்தவர், காலராவில் இறந்தவர். அந்த முறை பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனாலும் அவரை மக்கள் வெறுக்கவில்லை என்பதற்கு அந்தக் குதிரை சாட்சி.

சிற்பி பெயர் பற்றி ஒன்று. நம் மரபில் சிற்பி தன் பெயரைக் கேட்பதில்லை, தம்பி. கோயிலில் எந்தச் சிலையின் கீழே பெயர் பார்த்தீர்கள்? செய்த வேலை நிற்கிறது, அவருக்கு அது போதும் என்பது பெரியவர்கள் வழி.

வார்ப்படம்:
நான் சிற்பம் படித்தவன், வெண்கல வார்ப்பில் வேலை செய்கிறவன். எழும்பூரான் ஐயாவிடம் மன்றோ பற்றி முழுக்க உடன்படுகிறேன், கடைசிப் பத்தியில் உடன்பட முடியவில்லை. ஏன் என்பதற்கு, உழைப்பாளர் சிலை மாதிரி ஒன்றை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன்.

கோயில் உற்சவ மூர்த்தியைச் சுவாமிமலையில் மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உருவம் உள்ளே முழுக்க உலோகம். ஆள் உயரத்தைத் தாண்டிய சிலையை அப்படி வார்ப்பது மிகக் கடினம். எடை கூடிவிடும், ஆறும்போது வெடிக்கலாம். அதனால் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, அதன் மேல் களிமண்ணில் உருவத்தை முழு அளவில் எழுப்ப வேண்டும். களிமண் காயாமல் ஈரத்துணி போர்த்தி நாள்கணக்கில் காக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் அச்சு. அந்த அச்சுக்குள் மெழுகை விரல் கனத்துக்குப் பூசி, உள்ளே சூடு தாங்கும் கலவையை நிரப்பி, வெளியேயும் அதையே பூசி, சூளையில் சுட்டு, உலோகத்தைத் துண்டு துண்டாக வார்க்க வேண்டும். கை தனி, தோள் தனி, பாறை தனி. கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து, இணைப்பு தெரியாமல் உளியாலும் அரத்தாலும் தேய்ப்பார்கள். ஒரு சிற்பியின் கைக்குப் பின்னால் பத்து இருபது பேரின் முதுகு இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாலைப் பக்கமிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது. நான்கு பேரும் ஒரே பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள், ஆனால் நான்கு உடம்புகளும் ஒரே நிலையில் இல்லை. பாரம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு ஏறிப் போவது முதுகெலும்பின் வளைவில் தெரியும். முன்னால் இருப்பவரின் விலாவில் தோல் இழுபடுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. களிமண்ணில் கட்டைவிரல் அழுத்திய தடம் பல இடங்களில் அப்படியே வெண்கலத்தில் இருக்கிறது. அதை வழித்து மழமழப்பாக்க ராய் சௌத்ரி விரும்பவில்லை. கலைக் கல்லூரியின் இரவுக் காவலரும் ஒரு மாணவரும்தான் இதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று எங்கள் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த உடம்பைப் பார்க்கும்போது நம்பத் தோன்றுகிறது.

சேப்பாக்கத்தார்:
எழும்பூரான் அண்ணா, மரபு என்று சொன்னீர்களே, நம் மரபின் உச்சியில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயிலை எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அவரோடு நிற்கவில்லை. ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்கள், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். நாவிதருக்கும் அங்கே பெயர் உண்டு. தான் கொடுத்தவற்றோடு தன் அக்காள் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் இராசராசன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஓர் அரசனுக்கு இருந்த அந்த மனம், மக்களாட்சியில் நமக்கு ஏன் இல்லாமல் போனது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே பேசிவிடலாம். இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தின் நினைவாக அந்த இடத்திலேயே உழைப்பாளர் சிலை வைக்கப்பட்டது என்று மேடையில் சொல்கிறார்கள். 1923 மே 1 அன்று பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரை, மற்றது திருவல்லிக்கேணிக் கடற்கரை. சிலை வந்தது அதற்கு 36 ஆண்டுகள் கழித்து. திருவல்லிக்கேணிக் கடற்கரைக்குப் பக்கத்தில் அமைந்தது பொருத்தம்தான். ஆனால் சிங்காரவேலரின் கூட்டத்தையும் ராய் சௌத்ரியின் சிலையையும் தனித்தனி வரலாறாகச் சொல்வதுதான் இருவருக்கும் மரியாதை.

எழும்பூரான்:
பெருந்தச்சன் பெயரைக் கொண்டு வந்து வாயடைத்துவிட்டீர்கள், சேப்பாக்கத்தாரே. அந்தக் கல்வெட்டுக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

நான் சொல்ல வந்த பெரிய விஷயம் நீல் சிலை. இந்தத் தலைமுறைக்கு அது தெரியாமல் போவது எனக்கு வருத்தம். 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்ட ஜேம்ஸ் நீல், சென்னைப் படையைச் சேர்ந்தவர். லக்னோவில் அவர் செத்த பிறகு, அவருக்கு மவுண்ட் ரோடில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஸ்பென்சர் அருகே சிலை வைத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கொலைகாரனைக் கடந்துதான் நம் ஜனங்கள் நடந்தார்கள்.

1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். மதுரையிலிருந்தும் தெற்கிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். சுத்தியலோடு போய்ச் சிலையில் அடித்துச் சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறு மகளோடு சிறைக்குப் போனார். இளைஞராக இருந்த காமராஜர் இதில் ஆர்வமாக ஈடுபட்டார். காந்தி சென்னை வந்தபோது, அகிம்சையை மீறாமல் நடத்தச் சொல்லி ஆதரித்தார். உடனே பலன் கிடைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை இறங்கியது. இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, அதை உடைத்து உருக்காமல் விட்டதுதான். கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் சிலையையும் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறோம். தாமஸ் பேங்க்ஸ் செய்த பளிங்குச் சிலை அது. பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகளை 1792இல் பிணையாக ஒப்படைக்கும் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோற்றவர்களின் குழந்தைகளை வெற்றிச் சின்னமாகச் செதுக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் காலனி ஆட்சி என்றால் என்ன என்பது உறைக்கும். எந்தப் பாடப்புத்தகத்தாலும் அதைச் செய்ய முடியாது.

தூரிகைமகள்:
ஐயா, மன்னிக்க வேண்டும், நீல் விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அருங்காட்சியகத்தில் நீல் பெயரோடு நிற்கிறார். அவரை இறக்குவதற்காகச் சிறை சென்ற தொண்டர்களின் பெயர்கள் அந்த மவுண்ட் ரோடில் எங்கே இருக்கின்றன? சிலை இருந்த இடத்தில் ஒரு கல்லாவது வேண்டாமா, "இங்கே நீல் சிலை நின்றது, இன்னின்னார் போராடி அகற்றினார்கள்" என்று? காப்பாற்றுவது என்றால் இரண்டு பக்கத்தையும் காப்பாற்ற வேண்டும்.

சேப்பாக்கத்தார்:
தூரிகைமகள் சொல்வது நியாயம். அஞ்சலை அம்மாள் பெயரில் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வேண்டும். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வழக்குமன்றம்:
சிலை வைப்பது, நகர்த்துவது பற்றிய சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச்சாலை, நடைபாதை போன்ற இடங்களில் புதிதாகச் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. 2006இல் காமராஜர் சாலையில் திறக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கின் முடிவில் 2017 ஆகஸ்டில் அகற்றப்பட்டு, அடையாறில் அவருடைய மணிமண்டபத்துக்குப் போனது.

கண்ணகி கதை வேறு. 1968 இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவை, கம்பர், வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோரோடு கடற்கரையில் நிறுத்தப்பட்டவள் அவள். 2001 டிசம்பரில் அகற்றப்பட்டாள். 2006 ஜூனில் அதே கடற்கரைக்குத் திரும்பி வந்தாள். இடையில் நடந்த அரசியலை இங்கே கிளற விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவள் இல்லாத நாலரை ஆண்டும் அந்த இடத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. சிலை இருந்தபோது அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட, இல்லாதபோது பேசினார்கள்.

ஜெமினி மேம்பாலத்தில் குதிரையை அடக்கும் மனிதன் சிலைகள் இருக்கின்றன அல்லவா? பாலம் 1973இல் திறக்கப்பட்டது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழித்துச் சட்டம் கொண்டு வந்ததன் நினைவுச் சின்னம் அது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் நிற்கவில்லை, சிலை நிற்கிறது. அந்தப் பாலத்தில் தினமும் ஊர்கிறவர்களுக்கு அந்தக் குதிரை எதைச் சொல்கிறது என்று விளக்க அங்கே ஒரு பலகை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தூரிகைமகள்:
சிலை பற்றியே பேசுகிறீர்கள். இந்த ஊரின் பொதுக்கலையில் பெரும்பகுதி துணியிலும் தகட்டிலும் சுவரிலும்தான் இருந்தது. என் அப்பா சினிமா பேனர் ஓவியர். அதனால் எழுதுகிறேன்.

மவுண்ட் ரோடில் ஒரு காலத்தில் நடந்து போனால், வீட்டு உயரத்துக்கு முகங்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவும் கையால் வரைந்தவை. கையளவு ஸ்டில் புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியைத் துண்டு துண்டாகத் தைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, அதில் சுண்ணாம்பு நூல் அடித்துப் பெரிய கட்டம் போடுவார்கள். சின்னக் கட்டத்தில் மூக்கு எங்கே முடிகிறதோ அங்கேயே பெரிய கட்டத்திலும் முடிய வேண்டும். பவுடர் கலரை ஆளிவிதை எண்ணெயில் குழைப்பார்கள். பின்னணியை உதவியாளர்கள் நிரப்புவார்கள், எழுத்து எழுத ஒருவர் தனியாக இருப்பார், முகத்தை மட்டும் பெரியவர்தான் தொடுவார். கன்னத்தில் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலமும் பச்சையும் அடிப்பார் அப்பா. பக்கத்தில் நின்றால் அது வெறும் தீற்றல். சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்றால் அந்த நீலம் தாடையின் நிழலாக மாறிவிடும். பஸ்ஸில் போகிறவன் எந்தத் தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பான் என்ற கணக்கு அவர் கைக்குள் இருந்தது. எந்தக் கலைக் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை.

படம் ஓடி முடிந்ததும் பேனர் இறங்கிவிடும். அதே துணியில் வெள்ளை பூசி அடுத்த படம் வரைவார்கள். மிகவும் நைந்து போனால் குடிசைக் கூரைக்குப் போகும். அதனால் அந்தத் தலைமுறை செய்த வேலையில் இன்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் மிச்சமில்லை. கீழ் மூலையில் கம்பெனிப் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. 2000க்குப் பிறகு டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தது. சில ஆண்டுகளிலேயே தொழில் கவிழ்ந்துவிட்டது.

2009, 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டத் தடை போட்டு, பேனர் ஓவியர்களைக் கொண்டு தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தது. அந்தத் திட்டத்தை நான் இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன். தூக்கியெறியப்பட்ட கைகளுக்கு அது வேலை கொடுத்தது. அப்பாவும் ஒரு சுவர் வரைந்தார். மூலையில் பெயர் எழுதிக்கொள்ளலாமா என்று வேலையை மேற்பார்த்தவரிடம் கேட்டார். வேண்டாம், எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கேட்டால் என்ன, எல்லோர் பெயரும் எழுதியிருக்கலாமே. அந்தச் சுவர் இன்று இல்லை.

வங்கக்கடலோன்:
தூரிகைமகள் அக்கா, இந்த இழையைத் தொடங்கியதற்கு இந்த ஒரு பதிவு போதும். அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். பேனர் போய்விட்டது, வேலை செய்த முறையாவது அவர்கள் வாய்மொழியில் நிற்கட்டும்.

கண்ணகிநகரி:
நான் கண்ணகி நகரில் வளர்ந்தவள். துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே இருக்கிறது எங்கள் குடியிருப்பு. கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000இலிருந்து இங்கே கொண்டு வந்து குடியமர்த்தினார்கள். வேலை, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாம் நகரத்திலேயே தங்கிவிட்டன. வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைச் சொன்னதும் முகம் மாறுவதை நாங்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம்.

2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற கலை அமைப்பும் மாநகராட்சியும் ஒரு பெயின்ட் நிறுவனமும் சேர்ந்து எங்கள் கட்டடங்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். உள்ளூர், வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள். சுவர் முழுக்க, கூரை வரை. எங்கள் நகர்ப் பிள்ளைகளின் சிரிக்கும் முகங்களே சுவரேறின.

நேர்மையாகச் சொல்கிறேன். வண்ணம் அடித்ததால் தண்ணீர் வரவில்லை, வேலைக்குப் போகும் தூரம் குறையவில்லை. அந்தக் கோபம் எங்களுக்கு இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் "வண்ணம் பூசி வறுமையை மறைக்கிறார்கள்" என்று வெளியிலிருந்து எழுதுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. எங்கள் பேரைச் சொன்னாலே குற்றச் செய்திதான் நினைவுக்கு வரும் என்று இருந்த ஊருக்கு, படம் பார்க்க மனிதர்கள் தேடி வந்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி வழி கேட்பவர்களுக்கு "மீன் படம் போட்ட பிளாக்கைத் தாண்டி வாங்க" என்று சொல்கிறார். அதற்கு முன் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல இருந்தது, எண்ணைச் சொல்லித்தான் வழி காட்ட வேண்டும். ஓர் ஊருக்கு அடையாளச் சின்னம் வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் அந்தப் பாட்டியிடம்தான் புரிந்துகொண்டேன். ஓவியமும் வேண்டும், குழாயில் தண்ணீரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சேப்பாக்கத்தார்:
கண்ணகிநகரி, உங்கள் பதிவைப் படித்ததும் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவர் நினைவுக்கு வந்தது. 2021இல் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக வரைந்தது. சென்னையைச் சேர்ந்த ஏ-கில் என்ற கலைஞர் மற்றொருவரோடு சேர்ந்து, ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் நீளத்துக்கும் முகங்களாக வரைந்தார். சிலர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், சிலர் அப்படியில்லை. யார் எவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் அந்த ஓவியம் பேசும் நியாயம். ரயில் நிலையம் போன்ற, எல்லா வகை மனிதர்களும் கலக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சுவரோவியம் நம் நகரத்தில் இல்லை என்பது என் கருத்து.

எழும்பூரான்:
அழகான பதிவுகள். பெசன்ட் நகர் கடற்கரையில் இருக்கும் ஷ்மிட் நினைவு வளைவையும் யாராவது குறித்துக்கொள்ளுங்கள். 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் நாட்டுக்காரருக்காகக் கட்டியது. சினிமாவில் வந்து வந்து, காதலர்கள் சாய்ந்து நிற்கும் சுவர் என்றுதான் பலருக்கும் தெரிகிறது. முன்பின் தெரியாத மனிதர்களுக்காக அலையில் இறங்கியவர் அவர்.

வார்ப்படம்:
பராமரிப்பு பற்றி ஒரு வேண்டுகோள். கடற்கரை வெண்கலத்துக்கு முதல் எதிரி உப்புக்காற்று. குளோரைடு செம்போடு சேர்ந்து வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். ஈரப்பதம் இருக்கும் வரை அது உள்ளே அரித்துக்கொண்டே போகும். சரியான முறை என்பது நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, மெழுகு பூசி, அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வது. விழா வந்தால் கறுப்பு பெயின்டோ தங்க பெயின்டோ அடிப்பது சிலையைக் கொல்லும் வேலை. பெயின்ட் கனத்தில் விரல் தடம், உளித் தடம் எல்லாம் மூடிப்போகும். உள்ளே சிக்கிய உப்பு வெளியேற வழியில்லாமல் அரிக்கும். உங்கள் பகுதியில் வெண்கலச் சிலைக்கு பெயின்ட் டப்பாவோடு யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

வங்கக்கடலோன்:
பேசியது போதும், ஒன்றைச் செய்வோம் என்று நினைக்கிறேன். உழைப்பாளர் சிலைக்கு ஒரு தகவல் பலகை கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுகிறேன். இங்கே பலரும் கையெழுத்திடத் தயாராக இருப்பீர்கள். பலகைக்கான வாசகம் இது, திருத்தம் சொல்லுங்கள்:

"உழைப்பாளர் சிலை. வெண்கலம். 1959இல் திறக்கப்பட்டது. சிற்பி: தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975), சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர்."

தூரிகைமகள்:
சிற்பியின் பெயரை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள், திறப்பு கடைசியில் வரட்டும். "அவரோடு பள்ளியின் வார்ப்புக் கலைஞர்களும் மாணவர்களும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தப் பெயர்களைக் கல்லூரிப் பதிவேடுகளில் தேட அனுமதி கேட்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கண்ணகிநகரி:
பலகையை உயரத்தில் மாட்ட வேண்டாம். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் படிக்கிற உயரத்தில், சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். பிரெயிலும் வேண்டும்.

வார்ப்படம்:
பீடத்தில் துளை போட்டு மாட்டக் கூடாது என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். பீடத்திலிருந்து தள்ளி, தனிக் கருங்கல்லில், எழுத்தை வெட்டிப் பதிக்க வேண்டும். உலோகத் தகடு வைத்தால் அந்தக் கடற்காற்றில் நெடுநாள் தாங்காது, திருட்டும் போகும். கல் வெட்ட மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது, விலை கேட்டு இந்த வாரமே இங்கே எழுதுகிறேன். அந்தக் கல்லின் அடியில் வெட்டுகிறவர் பெயரும் இருக்கட்டும்.